ஒரு நாள் முழுக்கத் தாங்கும்

பொங்கலுக்கு முந்தைய வாரம் பிரவீனா தன் அம்மாவுக்குப் புது மடிக்கணினி ஒன்று வாங்கி வந்தாள். கடைகளுக்கு வந்து சில நாட்களே ஆகியிருந்த மாடல். சிங்கப்பூரில் வேலை முடிந்து, எல்லையில் வரிசையில் நின்று, ஜொகூர் பாரு பக்கத்துப் பெர்மாஸ் ஜெயா வீட்டுக்கு வந்து சேர்ந்தவள், குளிக்கக்கூடப் போகாமல் பெட்டியைப் பிரித்தாள். முன்னறைக் கட்டிலில் சாய்ந்திருந்த அம்மாவின் முகத்துக்கு நேராக அதைப் பொருத்தினாள். பிறகு கைப்பேசியை எடுத்து யாரோ எழுதியிருந்த விமர்சனத்தை வாசித்துக் காட்டினாள்.

"இருபத்திரண்டு மணி நேரம்மா. வீடியோ ஓட்டிப் பாத்து சொல்லியிருக்காங்க. ஒரு நாள் முழுக்கத் தாங்கும்னு எல்லாரும் எழுதுறாங்க."

வாசுகி திரையைப் பார்த்தாள். அவளால் செய்ய முடிந்தது அதுதான். தசைகளை இயக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டு வரும் நோய் அவளுக்கு. முதலில் கைகள் போயின, பிறகு கால்கள், பிறகு நாக்கு. லார்க்கின் பேருந்து நிலையத்தில் பல வருடம் டிக்கெட் விற்றவள் அவள். ஆள் பிடிக்கும் தரகர்களின் கூச்சலுக்கு மேலே அவளுடைய குரல் கேட்கும் என்பார்கள். இப்போது கண்கள் மட்டும் மிஞ்சியிருந்தன. திரைக்குக் கீழே ஒட்டியிருந்த ஒரு சிறிய கேமரா அவற்றைத் தொடர்ந்தது. ஓர் எழுத்தின் மேல் சற்று நேரம் பார்வையை நிறுத்தினால் அந்த எழுத்து வரியில் ஏறும். வரி முடிந்ததும் கணினி அதை வாய்விட்டுப் படிக்கும்.

பழைய கணினியின் பேட்டரி செத்து வெகு நாளாகியிருந்தது. மின்சாரக் கம்பியைப் பிடுங்கினால் சற்று நேரத்தில் அணைந்துவிடும். அதனால் சுவரோரத்துக் கட்டிலில் கிடக்கும்போதுதான் வாசுகிக்குப் பேச்சு. கோயிலுக்குத் தூக்கிப் போனாலும், வாசலில் காற்றுக்கு உட்கார வைத்தாலும், அவள் வெறுமனே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். பேட்டரியை மட்டும் பார்த்து பிரவீனா இந்தப் புதியதைத் தேர்ந்தெடுத்த காரணம் அது.

புதுக் கணினியில் வாசுகி முதன்முதலில் சொன்னது இது: "நல்லாருக்கு. இனிமே கோயில்லயும் உங்கப்பாவத் திட்டலாம்."

இணையத்தில் கிடைத்த ஒரு பெண் குரல் அதைப் படித்தது. செய்தி வாசிப்பவர் குரல் மாதிரி இருந்தாலும் பெண் குரல். பிரவீனா சிரித்தாள். அவளுடைய அப்பா திருச்செல்வமும் சிரித்தார்.

திருச்செல்வம் பாசிர் கூடாங்கில் ஒரு ரசாயன ஆலையில் ஷிப்ட் வேலை பார்ப்பவர். குழாய்களின் அழுத்தத்தையும் தொட்டிகளின் அளவையும் கருவி காட்டும் எண்ணை வைத்தே தெரிந்துகொள்கிற வேலை. எண்ணை நம்பாமல் அங்கே ஒரு நாள்கூட வேலை செய்ய முடியாது. இருபத்திரண்டு மணி நேரம் என்றால் இருபத்திரண்டு மணி நேரம்தான் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

அவர் கேட்க விரும்பாத ஒரு பேச்சு இருந்தது. ஜொகூர் பாருவில் வாசுகியைப் பார்த்துவந்த டாக்டர், அவளுடைய மூச்சுப் பரிசோதனைத் தாளைக் காட்டி, நுரையீரலின் பலம் வேகமாகக் குறைகிறது என்று சொல்லியிருந்தார். ஒரு கட்டத்தில் தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைத்து, மெஷினில் மூச்சு விட வேண்டியிருக்கும். அப்படிப் பல வருடம்கூட இருக்கலாம். வேண்டாம் என்றும் சொல்லலாம். அவசரத்தில் முடிவெடுக்காமல் குடும்பமாக இப்போதே பேசிக்கொள்ளுங்கள் என்றார்.

"அடுத்த தடவ வரும்போது சொல்றோம் டாக்டர்," என்று திருச்செல்வம் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

அதற்குப் பிறகு வாசுகி பல முறை ஆரம்பித்தாள். 'ஆஸ்பத்திரி விஷயம்' என்று திரையில் எழுத்துகள் ஏறத் தொடங்கும்போதே அவருக்குக் கொடியில் துணி ஞாபகம் வரும், அல்லது அடுப்பில் சுடுதண்ணீர் ஞாபகம் வரும். திரும்பி வரும்போது அவள் கண்ணை மூடியிருப்பாள்.

பொங்கலுக்குக் காஹாங்கில் இருக்கும் தன் தம்பி வீட்டுக்குப் போக வேண்டும் என்று வாசுகி கேட்டாள். தம்பி மூர்த்தி அங்கே எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்துக்கு லாரி ஓட்டுகிறவன். அவன் வீட்டுக்கு அவள் போய் இரண்டு வருடமாகிவிட்டது. பிரவீனாவுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. திருச்செல்வம் ஷிப்டை மாற்றிக்கொண்டு வேனைத் தயார் செய்தார். ஒரே ஒரு இரவு தங்கல்.

கிளம்பும்போது சார்ஜரை எடுக்கப் போனார். அதன் கம்பி கட்டிலுக்குப் பின்னால், மற்றக் கம்பிகளோடு சேர்த்துச் சுவரோடு இறுக்கிக் கட்டியிருந்தது. அதை அவிழ்க்கக் கட்டிலை நகர்த்த வேண்டும்.

"நூறு காட்டுது வாசு. இருபத்திரண்டு மணி நேரம் தாங்கும். ஒரு ராத்திரிதானே, மூர்த்தி வீட்ல தூங்குற நேரம் அணைச்சு வச்சுக்கலாம்."

சக்கர நாற்காலியில் இருந்த வாசுகி அவரைப் பார்த்தாள். பிறகு கண்ணை மூடினாள். மேலே பார்த்தால் ஆமாம், கண்ணை மூடினால் இல்லை. அவர்களுக்குள் இருந்த கணக்கு அது. களைப்பில் மூடுகிறாள் என்று திருச்செல்வம் நினைத்தார். அப்படி நினைப்பது வசதியாக இருந்தது.

காஹாங் போய்ச் சேரும்போதே மழை. இரவெல்லாம் பெய்தது. காலையில் மூர்த்தியின் மனைவி ஷாமளா, வாசலில் வைக்க முடியாமல் சமையலறை அடுப்பிலேயே பொங்கல் வைத்தாள். வாசுகி அன்றைக்குப் பேசிய மாதிரி இரண்டு வருடத்தில் பேசியதில்லை. ஷாமளாவின் பொங்கலில் சீனி அதிகம் என்றாள். மூர்த்தி சின்ன வயதில் தோட்டத்து வாய்க்காலில் செருப்பைத் தொலைத்துவிட்டு அழுத கதையை, ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்து, பாதிக் காலைப்பொழுதை எடுத்துக்கொண்டு சொன்னாள். பக்கத்து வீட்டு அய்யாவு அண்ணன் குடை பிடித்துக்கொண்டு வந்து பார்த்தார். எழுத்து ஏறுகிற வரைக்கும் எல்லோரும் பொறுமையாகக் காத்திருந்தார்கள்.

மதியம் திருச்செல்வம் பேட்டரியைப் பார்த்தார். பாதியை நெருங்கிக்கொண்டிருந்தது. அவருக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. விமர்சனம் எழுதியவர்கள் திரை வெளிச்சத்தைக் குறைத்து, வேறு எதுவும் செருகாமல், ஒரு படத்தை ஓடவிட்டுப் பார்த்திருப்பார்கள். இங்கே திரை முழு வெளிச்சத்தில் இருந்தது. கண்ணைத் தொடரும் கேமரா அதே பேட்டரியிலிருந்து, ஒரு நொடியும் ஓயாமல், உறிஞ்சிக்கொண்டிருந்தது. அவர்கள் சொன்ன கணக்கில் வாசுகி மாதிரி ஆள் இல்லை.

"கிளம்பலாம்," என்றார்.

மூர்த்தி வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்தான். முட்டிவரை நனைந்திருந்தான். "ரோடு மூடிட்டாங்க மாமா. குளுவாங் போற பக்கம் தண்ணி மேல ஏறிருச்சு. மெர்சிங் பக்கமும் போக முடியாதாம்."

சற்று நேரத்தில் மின்சாரத்தைத் துண்டித்தார்கள். ஆற்றுத் தண்ணீர் பின்கட்டுக்குள் வந்தபோது வெள்ளத்தில் மீட்க வந்த பொதுத் தற்காப்புப் படையின் லாரி தெருமுனையில் நின்றது. மூர்த்தியும் அய்யாவு அண்ணனும் வாசுகியை நாற்காலியோடு தூக்கி லாரியில் ஏற்றினார்கள். திருச்செல்வம் கணினியைக் குப்பைப் பையில் சுற்றி, பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஏறினார். மழையில் அவர் வாசுகியின் முகத்துக்கு மேல் துண்டைப் பிடித்திருந்தார். துண்டுக்குக் கீழே அவள் கண்கள் திறந்தே இருந்தன.

அவர்களைக் கொண்டுபோய் விட்டது மேட்டில் இருந்த ஒரு பள்ளிக்கூட மண்டபம். பாய், போர்வை, பிஸ்கட் கொடுத்தார்கள். கைப்பேசிகளில் சிக்னல் இல்லை. ஜெனரேட்டர் மறுநாள் வரும் என்றார்கள். மூர்த்தி மேடைக்குப் பக்கத்தில் ஓர் ஓரத்தைப் பிடித்து, வாசுகியைச் சாய்த்துப் படுக்க வைக்க மேசை ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தான்.

திருச்செல்வம் கணினியைத் திறந்து பார்த்தார். பேட்டரி நாற்பது சதவீதத்துக்கு மேல் இருந்தது. மூடிவிட்டார்.

"மிச்சம் பிடிக்கணும் வாசு. அவசரத்துக்கு வேணும். உனக்கு என்ன வேணும்னு எனக்குத்தான் தெரியுமே."

அது உண்மைதான். தலையணை இறங்கிவிட்டதா, எச்சில் துடைக்க வேண்டுமா, முதுகு வலிக்கிறதா என்று அவர் ஒவ்வொன்றாகக் கேட்பார். அவள் மேலே பார்ப்பாள், அல்லது கண்ணை மூடுவாள். அதில் தப்பு நேர்ந்ததில்லை. ஆனால் அன்று சாயங்காலம் அவர் எதைக் கேட்டாலும் அவள் கண்ணை மூடினாள். மூடித் திறந்ததும் பார்வை கணினிப் பைக்குப் போனது. திரும்ப அவர் முகத்துக்கு வந்தது. மறுபடி பைக்குப் போனது.

ஷாமளா கவனித்தாள். "அண்ணி ஏதோ பேசணும்னு பாக்குறாங்க அண்ணே."

"நாளைக்கு லைட் வந்துடும்மா. அப்புறம் எவ்வளவு வேணாலும் பேசட்டும். இப்ப பேசித் தீத்துட்டா, திடீர்னு ஏதாச்சும்னா என்ன பண்றது."

"கொஞ்ச நேரந்தானே."

"சொல்றேன்ல," என்றார். ஷாமளா எழுந்து போய்விட்டாள்.

வாசுகி என்ன பேச வருகிறாள் என்று அவருக்குத் தெரியும். வீட்டில் என்றால் துணி எடுக்கப் போகலாம். இங்கே போவதற்கு இடமில்லை. கணினியின் மூடி மட்டும்தான் இருந்தது.

காலையில் வாசுகிக்கு நெஞ்சில் சளி கட்டியிருந்தது. மூச்சு இழுக்கும்போது கழுத்து எலும்புகளுக்கு நடுவே குழி விழுந்தது. இருமக்கூட அவளுக்குப் பலம் இல்லை. திருச்செல்வம் அவளைத் தூக்கி உட்கார வைத்து முதுகைத் தட்டிக்கொண்டிருந்தபோது, ஷாமளா கணினிப் பையை நகர்த்தி வைக்கப் போனாள்.

"அண்ணே, சுடுது இது."

அவர் வாங்கித் திறந்தார். பதினொன்று காட்டியது.

மூடினால் அணைந்துவிடும் என்று அவர் நினைத்திருந்தார். அது அணையவில்லை. பைக்குள் அரைத் தூக்கத்தில் கிடந்து, கேமராவுக்கு மின்சாரம் கொடுத்துக்கொண்டு, கிடைக்காத சிக்னலைத் தேடிக்கொண்டு, இரவு முழுவதும் தானாகவே கரைந்திருந்தது. முழுதாக அணைக்க வேறு பொத்தானை அழுத்தியிருக்க வேண்டும். அதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

இந்த முறை கேமராவைப் பிடுங்கிவிட்டு, பொத்தானை அழுத்தி, திரை முழுவதும் கருத்தபின் மூடினார். வாசுகி பார்த்துக்கொண்டேயிருந்தாள்.

ஜெனரேட்டர் வந்தது. விளக்குகளுக்கும் சமையல் பக்கத்துக்கும் போக மீதியில் கைப்பேசி சார்ஜ் செய்ய ஒரு மேசை போட்டார்கள். மூர்த்தி ஒரு கைப்பேசி சார்ஜரைக் கணினியில் செருகிப் பார்த்தான். இந்தச் சார்ஜர் போதாது என்று ஓர் எச்சரிக்கை வந்தது, பேட்டரி ஏறவில்லை. மண்டபம் முழுவதும் விசாரித்தான். ஓர் ஆசிரியரிடம் கணினி சார்ஜர் இருந்தது. முனை வேறு.

பதினொரு மணிவாக்கில் மருத்துவக் குழு வந்தது. இளம் மலாய் டாக்டர் ஒருவர் வாசுகியின் விரலில் கருவியை மாட்டிப் பார்த்தார், நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டார். ஆக்சிஜன் கொடுக்கச் சொன்னார். பிறகு திருச்செல்வத்தைச் சற்றுத் தள்ளி அழைத்துப்போய், குளுவாங் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், தண்ணீரில் போகக்கூடிய பெரிய லாரிக்குச் சொல்லியிருக்கிறேன் என்றார். இந்த நோயாளிகளுக்கு ரத்தத்தில் கெட்ட காற்று சேரச் சேர மயக்கம் வந்துவிடும் என்றார். பிறகு மெதுவாக, ஐயா என்று மலாயில் விளித்துக் கேட்டார்.

"மெஷின் பத்தி அவங்க ஏதாவது முடிவு பண்ணியிருக்காங்களா, என்சிக்? அங்க போனதும் கேப்பாங்க."

"இன்னும் இல்ல டாக்டர்."

"அவங்கள இப்பவே கேட்டுடுங்க. அப்புறம் கேக்க முடியாமப் போகலாம்."

டாக்டர் அடுத்த ஆளைப் பார்க்கப் போனார். திருச்செல்வம் திரும்பி வந்தபோது ஷாமளா கணினியை வெளியே எடுத்து, கேமராவைச் செருகி, மேசையில் வாசுகியின் முகத்துக்கு நேராக வைத்துத் திறந்திருந்தாள்.

"வேணாம் ஷாமளா. ஆஸ்பத்திரியில தேவப்படும்."

ஷாமளா அவரைப் பார்க்கவில்லை. "அங்க போனா சார்ஜர் கிடைக்குமோ என்னமோ. இப்ப அண்ணி முழிச்சிருக்காங்க. பேசட்டும் அண்ணே."

வாசுகியின் கண்கள் ஏற்கெனவே திரையில் ஓடிக்கொண்டிருந்தன. வழக்கத்தைவிட மெதுவாக. ஓர் எழுத்தில் நிற்கும்போதே இமை தாழும், மறுபடி தொடங்குவாள். முதல் வரி முடிந்தது. இணையம் இல்லாததால் அந்தப் பெண் குரல் வரவில்லை. கணினிக்குள்ளேயே இருந்த வேறொரு குரல், ஓர் ஆணின் குரல், மண்டபத்தில் கேட்டது.

"இப்பவாவது கேளுங்க."

பக்கத்துப் பாயில் இருந்தவர்கள் திரும்பினார்கள். திருச்செல்வம் நின்ற இடத்திலேயே நின்றார். அடுத்த வரிக்கு வெகு நேரம் ஆனது.

"தொண்டையில ஓட்ட போட வேணாம். மெஷின் வேணாம்."

பேட்டரி ஐந்துக்கு வந்திருந்தது. திரை தானாகவே மங்கியது. ஷாமளா மண்டியிட்டு, திரையில் வெளிச்சம் விழாமல் கையால் மறைத்துக்கொண்டாள்.

"நான் ஆரம்பிச்சாலே நீங்க துணி எடுக்கப் போயிடுறீங்க," என்றது ஆண் குரல். பிறகு, "பயம் இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா வேணாம்."

வாசுகி கண்களைத் திரையிலிருந்து எடுத்து அவர் முகத்தில் வைத்தாள். காத்திருந்தாள்.

"சரி," என்றார் திருச்செல்வம். அது அவருக்கே கேட்கவில்லை. கிட்டே வந்து, அவள் கையை எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டார். "சரி வாசு. வேணாம்."

அவள் மேலே பார்த்தாள். பிறகு மறுபடியும் திரைக்குப் போனாள். 'பிரவீனா' என்று எழுதினாள். அதற்கடுத்த எழுத்தில் அவள் பார்வை நின்றிருந்தபோது திரை அணைந்தது.

ஷாமளா பொத்தானை அழுத்தினாள். மறுபடி அழுத்தினாள். வெறும் பேட்டரிப் படம் ஒன்று தெரிந்து மறைந்தது. அணைந்த திரையிலேயே வாசுகியின் கண்கள் இன்னும் கொஞ்ச நேரம் இங்கும் அங்கும் நகர்ந்துகொண்டிருந்தன.

"பிரவீனாகிட்ட ஏதாச்சும் சொல்லணுமா?" என்று திருச்செல்வம் கேட்டார். அவள் மேலே பார்த்தாள். "நல்லா இருக்கச் சொல்லணுமா?" கண்ணை மூடினாள். "கல்யாண விஷயமா?" மூடினாள். "வேலையா?" மூடினாள். அவர் கேட்டுக்கொண்டே போனார். எதற்கும் அவள் மேலே பார்க்கவில்லை. கடைசியில், இல்லை என்பதற்காக மூடுகிறாளா, தூக்கத்தில் கண் தானாக மூடுகிறதா என்று அவரால் பிரித்தறிய முடியவில்லை.

லாரி குளுவாங்கை அடைந்தபோது வாசுகி கூப்பிட்டதற்குக் கண் திறக்கவில்லை. மூர்த்தி பாதித் தூரத்திலேயே இறங்க வேண்டியிருந்தது. நோயாளியோடு ஒருவர்தான் வரலாம் என்றார்கள். அவசரப் பிரிவில் ஒரு பெண் டாக்டர் வேகமாகக் கேட்டார். எத்தனை வருடமாக நோய், என்ன மருந்து, கடைசியாக எப்போது பேசினார். பிறகு கேட்டார்: "மூச்சுக்குக் குழாய் போடலாமா? ஒரு தடவ போட்டா இவங்களுக்கு எடுக்க முடியாமப் போகலாம். அவங்க விருப்பம் என்ன?"

போடுங்கள் என்று சொன்னால் போதும். வாசுகிக்குத் தெரியாது. ஷாமளா மண்டபத்தில் இருக்கிறாள். நாளைக்கு வாசுகி கண் திறப்பாள், அவர் அவளைப் பார்க்கலாம். வீட்டு முன்னறையில் மெஷினை எங்கே வைப்பது என்றுகூட அந்த நொடியில் அவர் நினைத்துவிட்டார்.

"டியா தா நாக், டாக்டர்," என்றார் மலாயில். "அவங்க வேணாம்னு சொல்லிட்டாங்க. இன்னைக்குக் காலையில. அவங்களே சொன்னாங்க."

டாக்டர் அவரை ஒரு கணம் பார்த்துவிட்டு, சரி என்று தலையசைத்தார். முகமூடி வைத்து மூச்சுக்கு உதவி கொடுத்தார்கள், வலி தெரியாமல் இருக்க மருந்து கொடுத்தார்கள். பிரவீனா மறுநாள் சாலை திறந்ததும் வந்து சேர்ந்தாள். அம்மாவின் காதருகே குனிந்து நெடுநேரம் பேசினாள். வாசுகி கண் திறக்கவில்லை. அதற்கடுத்த நாள் காலையில் இறந்துபோனாள்.

பிரவீனா ஆஸ்பத்திரியில் அழவில்லை. காரியம் முடியும் வரை சொந்தக்காரர்கள் முன்னாலும் எதுவும் கேட்கவில்லை. எல்லோரும் போன பிறகு, வீட்டில் இருவர் மட்டும் இருந்தபோது கேட்டாள்.

"குழாய் வேணாம்னு அம்மாதான் சொன்னாங்களா?"

"அம்மாதான் சொன்னாங்க. ஷாமளா அத்தையும் பக்கத்துல இருந்து கேட்டாங்க."

"நான் அத்தைகிட்ட கேட்டுட்டேன். சொன்னாங்க." பிறகு சொன்னாள்: "இருபத்திரண்டு மணி நேரம்னு போட்டிருந்தாங்கப்பா. அத நம்பித்தான் நான் வாங்கினேன்."

அவர் கட்டிலுக்குப் பின்னால் சுவரோடு கட்டியிருந்த சார்ஜர் கம்பியைப் பார்த்தார்.

சில வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் திருச்செல்வம் எழுந்து வந்தபோது, பிரவீனா முன்னறையில் கட்டில் இருந்த இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே அந்தக் கணினி. கேமரா செருகியிருந்தது. திரை முழு வெளிச்சத்தில் இருந்தது. சார்ஜரைப் பிடுங்கித் தரையில் போட்டிருந்தாள். கைகளை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணால் எழுத்துகளைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தாள்.

"என்ன பண்ற?"

"உண்மையில எவ்வளவு நேரம் தாங்குதுன்னு பாக்குறேன். அம்மா உபயோகிச்ச மாதிரியே."

அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் எழுதியவற்றை அந்தப் பெண் குரல் படித்தது. பழக்கமில்லாத கண்ணுக்கு எழுத்துகள் தப்பித் தப்பி விழுந்தன. 'சாப்பாடு', 'மழை', 'இன்னைக்கு லீவு' என்று அர்த்தமில்லாமல் வந்துகொண்டிருந்தன. அவர் காப்பி கொண்டுவந்து வைத்தார். அவள் திரும்பாமல் குடித்தாள். மதியம் ஆனபோது அவள் கண்கள் சிவந்து நீர் வடிந்துகொண்டிருந்தது. நிறுத்தச் சொன்னார். முடியாது என்றாள்.

"அம்மா எனக்கு எதாவது சொன்னாங்களாப்பா?"

இந்தக் கேள்விக்கு அவர் இத்தனை வாரமாகப் பயந்துகொண்டிருந்தார். "உன் பேர எழுதினாங்க. அடுத்த எழுத்துக்குப் போறதுக்குள்ள அணைஞ்சிருச்சு."

பிரவீனாவின் பார்வை திரையில் ஓர் எழுத்தில் நின்றுவிட்டது. அதே எழுத்து திரும்பத் திரும்ப வரியில் ஏறிக்கொண்டே போனது.

"நான் ஒண்ணொண்ணா கேட்டுப் பாத்தேன். எதுவும் இல்லன்னுட்டாங்க. என்னன்னு எனக்குத் தெரியலம்மா." அவர் நிறுத்தினார். பிறகு மீதியையும் சொன்னார். "முதல் நாள் சாயங்காலம் நாப்பதுக்கு மேல இருந்துச்சு. அம்மா பேசணும்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. நான்தான் மூடி வச்சேன். பேட்டரிக்காகன்னு சொன்னேன். பேட்டரிக்காக மட்டும் இல்ல. அவங்க என்ன சொல்லுவாங்கன்னு தெரியும். எனக்குக் கேக்க முடியல."

பிரவீனா கண்ணைத் திரையிலிருந்து எடுத்தாள். வெளியே யாரோ மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பினார்கள்.

"மூடி வைக்கலன்னா அன்னைக்கே தீந்து போயிருக்கும்," என்றாள் கடைசியில். "மறுநாள் டாக்டர் கேட்டப்ப அம்மாவால ஒண்ணும் சொல்லியிருக்க முடியாது."

"இல்லம்மா. முதல் நாளே எல்லாத்தையும் சொல்லி முடிச்சிருப்பாங்க. உனக்குச் சொல்ல வேண்டியதையும்."

அவள் அதை மறுக்கவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி எழுதத் தொடங்கினாள். அவர் எழுந்து போகாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

தேநீர் நேரத்துக்குச் சற்று முன்பு திரை அணைந்தது. பிரவீனா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஏழு மணி நேரம்கூட ஆகவில்லை.

அவள் கைப்பேசியை எடுத்தாள். இந்த நோய் வந்தவர்களின் குடும்பங்கள் சேர்ந்திருந்த ஒரு குழுவில் அவளும் இருந்தாள். எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டினாள். புது மாடல் வாங்குகிறவர்கள் கவனிக்கவும். பெட்டியில் போட்டிருக்கிற நேரத்தை நம்ப வேண்டாம். கண் கேமராவோடு ஏழு மணி நேரத்துக்கும் குறைவுதான். சார்ஜர் இல்லாமல் வீட்டை விட்டுக் கிளம்பாதீர்கள்.

"மூடி வச்சாலும் குறையும்னு போடு," என்றார் திருச்செல்வம்.

அவள் சேர்த்தாள். அனுப்பினாள். சற்று நேரத்தில் மூவாரிலிருந்து முன்பின் தெரியாத ஒரு பெண் பதில் எழுதியிருந்தாள். தன் கணவருக்கு அடுத்த வாரம் இதே கணினி வருகிறது, நல்லவேளை சொன்னீர்கள், உங்கள் அம்மா இப்போது எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டிருந்தாள்.

பிரவீனா கைப்பேசியை அப்பாவிடம் நீட்டினாள். அவர் வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பதிலைத் தட்ட ஆரம்பித்தார்.